ஹைப்ரிட் டிரெய்லர் வாங்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

குழந்தைகளோடு முகாம் போவதற்கு ஹைப்ரிட் டிரெய்லர் ஒன்று, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கெட்டிச் சுவரும் கேன்வாஸ் கூடாரமும் கலந்த வீட்டு வண்டி ஒன்று, வாங்கலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதாகவும், என் கருத்து என்னவென்றும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் முடிவு எதைப் பொறுத்து அமைய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. அந்த வண்டியின் நிறையும் குறையும் அதன் முனைகளில் விரியும் கேன்வாஸ் துணியில்தான் இருக்கின்றன. அந்தத் துணியை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு வசதி உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

வண்டியின் நடுப்பகுதி வழக்கமான டிரெய்லரைப் போலவே கெட்டியான சுவர்களும் கூரையும் கொண்டது; சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை, ஷவர் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முன்னும் பின்னும், சில மாதிரிகளில் பக்கவாட்டிலும், இருக்கிற பலகைக் கதவை வெளிப்புறமாகச் சாய்த்தால் அதுவே கட்டிலின் அடிப்பலகையாகிவிடும். அதன்மேல் கேன்வாஸ் கூடாரம் விரியும். ராக்வுட் ரூ, ஃபிளாக்ஸ்டாஃப் ஷாம்ராக் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. மூடிய நிலையில் 20 அடியைச் சற்றே தாண்டும் வண்டியில் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். கெட்டிச் சுவர் மட்டுமே உள்ள வண்டியில் அதே ஆறு பேருக்கும் நிலையான படுக்கை வேண்டுமென்றால் நீளமும் கூடும், எடையும் கூடும். சாப்பாட்டு மேசையை இரவில் கட்டிலாக்கி, காலையில் மறுபடியும் மேசையாக்கும் வேலையும் இதில் பெரும்பாலும் இல்லை. குழந்தைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் விளக்கைப் போட்டு உட்கார்ந்து பேச இடம் மிச்சமிருக்கும் என்பதைச் சிறிய வசதியாக நினைத்துவிடாதே.

எடை குறைவு என்பதால் எந்த வண்டியும் இதை இழுத்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். டிரெய்லர் சாமான்களோடு 2,200 கிலோ என்று வைத்துக்கொள். அதில் 10 முதல் 15 சதவீதம் வரை, இரண்டையும் இணைக்கும் கொக்கியான ஹிட்ச் வழியாக, இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். 12 சதவீதம் என்றால் 264 கிலோ. உங்கள் வண்டியில் ஆட்களும் சாமான்களுமாக 650 கிலோ வரை ஏற்றலாம் என்றால் மீதி 386 கிலோ. நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 290 கிலோ என்றால் எஞ்சுவது 96 கிலோ. மிதிவண்டிகள், ஐஸ் பெட்டி, எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் என எல்லாம் அந்த 96 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இத்தனை கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்கு வெகு முன்பே இந்தக் கணக்கு இடித்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் வெற்று எடையில் தண்ணீரும் சேராது. 150 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 150 கிலோ கூடுதல்.

இனி துணியைப் பற்றி. மழை பெய்தால்தான் கேன்வாஸ் நனையும் என்பதில்லை. குளிர்ந்த இரவில் இரண்டு பேர் உள்ளே மூச்சு விட்டாலே போதும், காலையில் துணியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். அதைவிட மோசமான இடம் மெத்தையின் அடிப்பக்கம். கீழே இருக்கும் பலகை வெளிக்காற்றில் சில்லென்று இருப்பதால், உடற்சூடும் ஈரமும் மெத்தை வழியாக இறங்கிப் பலகையில் படிந்துவிடும். மேலே விரிப்பு உலர்ந்திருக்கும், மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் கை நனையும். காற்றோட்டம் தரும் விரிப்பு ஒன்றை மெத்தைக்கடியில் போட்டு, ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, தினமும் காலையில் மெத்தையைச் சாய்த்து வைத்தால் சமாளிக்கலாம். மழையில் நனைந்த துணியை மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டி வந்தால், வீடு சேர்ந்து ஓரிரு நாளுக்குள் வண்டியை மறுபடி விரித்து முழுக்கக் காயவைக்க வேண்டும். தவறினால் பூஞ்சை பிடிக்கும். கறை போனாலும் வாடை போகாது. வீட்டில் வண்டியை விரித்து வைக்க இடமில்லாமல், வாடகை நிறுத்துமிடத்தில் நெருக்கி நிறுத்தப் போகிறீர்கள் என்றால், இந்த வகையையே மறந்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

துணிக்கு வெப்பத்தையோ குளிரையோ தடுக்கும் திறன் கிடையாது. நண்பகல் வெயிலில் குளிரூட்டி நடுப்பகுதியைச் சமாளித்தாலும் கட்டில் பகுதி புழுங்கும். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் மேல் போர்த்தும் பளபளப்பான தகட்டு விரிப்பு இரண்டுக்கும் ஓரளவு உதவும். பக்கத்து முகாமின் பேச்சும் ஜெனரேட்டர் இரைச்சலும் தலையணை வரை வரும். உன் அம்மா இதில் எனக்கு நேர் எதிர். இரவில் துணி வழியே வரும் காற்றுக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

கரடிகள் நடமாடும் இடங்களில் விதிமுறையே தடையாக நிற்கலாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. கேன்வாஸ் பகுதியுள்ள வண்டிகளை அங்கே விடுவதில்லை. ஆகையால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. நெடும்பயணத்தில் வழியில் ஓர் இரவு மட்டும் தங்கும் இடங்களிலும் கட்டில்களை வெளியே நீட்ட எப்போதும் வசதிப்படாது. அப்போது ஐந்து பேரும் சோபாவிலும் மேசைக் கட்டிலிலும் நெருக்கிப் படுக்க வேண்டிவரும்.

பழைய வண்டி பார்க்கப் போனால், பகல் வெளிச்சத்தில் எல்லாக் கட்டில்களையும் விரித்து, உள்ளே நின்று துணியில் ஊசித்துளையாக ஒளி தெரிகிறதா என்று பார். பலகைக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை வெடித்திருந்தால் தண்ணீர் கீல் வழியாக இறங்கித் தரையை ஊறவைத்திருக்கும். மூலைகளில் காலால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். சின்னவனைத் துணியோரம் படுக்க வைக்காதே. அதன் கீழ் விளிம்பு பெரும்பாலும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால்தான் பிடித்திருக்கும்.

மழை குறைந்த மாதங்களில் போய், ஒரே இடத்தில் மூன்று நான்கு நாள் தங்குவதுதான் உங்கள் வழக்கம் என்றால், விரித்துக் காயவைக்க இடமும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். தினம் ஓர் ஊராக மாறிக்கொண்டே போவதாக இருந்தால், ஒரு கட்டில் குறைந்தாலும் கெட்டிச் சுவர் வண்டியே மேல். உங்கள் வண்டியின் ஓட்டுநர் கதவோரத்தில் ஏற்றக்கூடிய எடையைக் குறிக்கும் ஒட்டுத்தாள் இருக்கும். மாப்பிள்ளையிடம் சொல்லி அதைப் படமெடுத்து அனுப்பச் சொல். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லரின் அதிகபட்ச எடையையும் சேர்த்து எழுது. முன்பணம் கட்டும் முன் நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா