பழவேற்காட்டில் வலை பின்னும் கூடம் கட்ட உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறைகளையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை எப்போதோ இடிந்துபோனது. பழவேற்காடு ஏரிக்குள் மீனவர்களின் பாடு முறை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மீன்பாடுள்ள இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல், சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை போடுவதுதான் பாடு.

பாடு முறையில் பங்கில்லாதவர்களுக்கும் இந்த ஏரிதான் சோறு போடுகிறது. இருளர் பெண்கள் பனையோலைப் பறியை, அதாவது மீன் போடும் கூடையை, பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த ஏரியின் மரபைப் பேசுவது நியாயமில்லை.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். முகத்துவாரத்தை மணல் மூடினால் வரத்து நின்றுபோகும், கோடையில் தண்ணீர் கடுமையாக உப்பேறும். எந்த வருஷம் எப்போது மூடியது, வாய் எந்தப் பக்கம் நகர்ந்தது, எந்தக் காற்றுக்கு எது கிடைக்கும் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆனால் எழுத்தில் இல்லை. தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கப் போகும்போது கையில் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

அதனால்தான் கரையில் ஒரு கூடம் கட்டுகிறோம். ஒரு பக்கம் வெயிலில் காயாமல் உட்கார்ந்து வலை பின்ன நிழல். மறுபக்கம் ஒரு சின்ன அறை. பெரியவர்களின் பேச்சுப் பதிவுகள், பாடு போடும் இடங்களின் வரைபடம், முகத்துவாரத்தின் ஆழத்தையும் அன்றன்றைய பிடிப்பையும் இளைஞர்கள் குறித்துவைக்கும் பேரேடு எல்லாம் அங்கே இருக்கும். ஓலைக்கூடை பின்னும் பெண்கள் விற்பனைக்கு உட்கார வாசலில் ஒரு திண்ணையும் உண்டு. உப்புக்காற்றுக்குத் தகரம் தாங்காது, ஓடுதான் போட வேண்டும். மொத்தம் 6 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார். சித்தாள் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

நூறு ரூபாயானாலும் சரி, ரசீது தருவோம். வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் கூடத்துச் சுவரிலும் ஒட்டுவோம். ஏரியைக் கெடுக்கும் ஆலைகளிடம் பணம் வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். பணமாகத் தர முடியாதவர்கள் ஓடு, செங்கல், பழைய புகைப்படங்கள், உங்கள் தாத்தா எழுதிவைத்த பாடு முறைக் கணக்கு நோட்டு எது இருந்தாலும் கொடுங்கள். நோட்டைப் படமெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறியாக வேண்டும். அதற்குள் உங்கள் பங்கை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
வலைக்கூடக் கட்டுமானக் குழுவினர்,
பழவேற்காடு