விமர்சகர்கள் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில், ஹாலிவுட் நடிகர் ஜாக் நிக்கல்சன் முதன்முதலாக இயக்கிய ‘டிரைவ், ஹீ செட்’ (1971) பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்லதொரு கல்லூரிப் படத்தை விமர்சகர்கள் கூடிக் கொன்றுவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர். அந்தப் படத்தின் மேல் அவருக்குள்ள பிரியம் எனக்கும் உண்டு. அதற்காக மொத்தப் பழியையும் ஒரே தரப்பின் தலையில் கட்டிவிட முடியாது.

கான் திரைப்பட விழாவில் படத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், சரி. அப்புறம் நடந்ததைக் கட்டுரை சொல்லவில்லையே! இதில் கூடைப்பந்து கோச்சாக நடித்த புரூஸ் டெர்னுக்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகர் விருதை அமெரிக்காவின் தேசியத் திரைப்பட விமர்சகர்கள் சங்கம் கொடுத்தது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படம் ஒழுங்கில்லாமல் கிடக்கிறது என்று எழுதினாலும், ஆங்காங்கே தெரிந்த திறமையைப் பாராட்டவே செய்தார். ஒரு படத்தைக் கொல்ல நினைப்பவர்கள் செய்கிற காரியமா இதெல்லாம்?

உண்மையில் படத்தை வீழ்த்தியது அது வந்த நேரம். 1970-இல் மட்டும் ‘கெட்டிங் ஸ்ட்ரெய்ட்’, ‘தி ஸ்ட்ராபெர்ரி ஸ்டேட்மெண்ட்’, ‘ஆர்.பி.எம்.’ என்று மாணவர் போராட்டப் படங்கள் வரிசை கட்டி வந்துவிட்டன. அதே ஆண்டு மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். நிஜத்தையே செய்தியில் பார்த்துவிட்ட ஜனங்களுக்கு, அடுத்த வருடம் வந்த இந்தப் படம் பத்தோடு பதினொன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, ‘ஃபைவ் ஈஸி பீசஸ்’ எடுத்த அதே பி.பி.எஸ். படத் தயாரிப்பு நிறுவனம், அதில் நாயகனாக நடித்த அதே நிக்கல்சன் என்று நம்பி வந்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம்: அவர் இதில் நடிக்கவே இல்லை.

ஆனால் இது பத்தோடு பதினொன்று அல்ல. மற்ற படங்கள் போலீஸையும் தடியடியையும் காட்டிக்கொண்டிருந்தபோது, இது கூடைப்பந்து மைதானத்துக்குள் போனது. ஆட்டம் மெதுவான அசைவில் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று விளக்குகள் அணையும். கெரில்லாப் போராளிகள் வேஷத்தில் மாணவர்கள் உள்ளே புகுந்து நாடகம் போடுவார்கள். ஆட்டக்காரன் ஹெக்டர் எந்தப் பக்கமும் சேராமல் நிற்பான். அவனுடைய அறைத்தோழன் கேப்ரியல், வியட்நாம் போருக்கு அனுப்பிவிடாமல் இருக்கப் பைத்தியம் போல நடித்து, கடைசியில் நிஜமாகவே நிலை தவறிப்போவான். ராணுவ மருத்துவப் பரிசோதனையில் கேட்கிற அதட்டலும் கோச்சின் அதட்டலும் ஒரே தொண்டையிலிருந்து வருவது போல எனக்குக் கேட்டது. டெர்னின் விருது சும்மா கிடைத்ததில்லை.

குறையும் இருக்கிறது, பெரிய குறை. பேராசிரியரின் மனைவி ஆலிவ் தனியாக இருக்கும் வீட்டில் கேப்ரியல் புகுந்து அவளைத் தாக்குகிறான். அப்புறம் அவன் ஆய்வுக்கூடத்தில் பாம்புகளையும் எலிகளையும் திறந்துவிடும் காட்சிக்குப் படம் தாவிவிடுகிறது. அவன் புத்தி பேதலித்ததற்காக உருகுகிற கேமரா, அவள் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது? அவளாக நடித்த கரன் பிளாக் தன் முகத்தாலேயே ஈடுகட்டியதால்தான் ஆலிவ் ஒரு மனுஷியாக நமக்கு மிஞ்சுகிறாள். 2010-இல், பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் பி.பி.எஸ். படங்களின் தொகுப்பில் இதையும் சேர்த்து வெளியிட்டது. மறுவாழ்வு கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் கட்டுரை இரண்டு பக்கத்துக்குப் படத்தைப் புகழ்ந்தும் இந்தக் காட்சியைப் பற்றி மூச்சு விடவில்லை. 1971-இன் விமர்சகர்களைக் கூண்டில் ஏற்றுகிறவர், தான் பார்க்க மறுத்ததற்கும் பதில் சொல்ல வேண்டாமா?

ஒரு சிறு திருத்தம்: படம் எடுக்கப்பட்டது கலிஃபோர்னியாவில் என்று அச்சாகியிருக்கிறது. வளாகக் காட்சிகள் எடுக்கப்பட்டது யூஜீன் நகரிலுள்ள ஒரிகான் பல்கலைக்கழகத்தில்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்