லேன் போர்ட் இருக்கிறது, லேன்தான் இல்லை: கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கிளவுட் லேபுக்குத் தனி நெட்வொர்க் கார்டு கேட்டு அனுப்பிய கோப்பு நேற்று திரும்பி வந்தது. "எல்லாக் கணினிகளிலும் லேன் போர்ட் உள்ள நிலையில், கூடுதல் லேன் கார்டு தேவைப்படும் காரணத்தை விளக்கவும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். இதே கேள்விக்கு முன்பே எழுத்தில் விளக்கம் கொடுத்தாயிற்று என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். கோப்பில் எழுதுவது கோப்போடு போய்விடுகிறது. அதனால் இந்தமுறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வேறு கல்லூரிகளில் லேப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

கணினிகள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். இஎஸ்எக்ஸ்ஐ (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் விஎம்வேர் மென்பொருள்) பயிற்சி என்று அறிவித்து மாணவர்களிடம் கட்டணம் வாங்கியதும் தெரியும். பெட்டியைப் பிரித்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

பென் டிரைவ் போட்டு பூட் செய்தால் முதலில் ஊதா நிறப் பிழைத் திரைதான் வந்தது. வாங்கியவை 13ஆம் தலைமுறை இன்டெல் ஐ7 பிராசசர் உள்ளவை. அந்தப் பிராசசரில் வேகமான கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) கொஞ்சம், சிக்கனமான கோர்கள் கொஞ்சம். இஎஸ்எக்ஸ்ஐயோ எல்லாக் கோர்களும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து எழுதப்பட்ட மென்பொருள்; வித்தியாசத்தைப் பார்த்ததும் படுத்துவிடுகிறது. பூட் ஆகும்போதே ஓர் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்து அதைத் தாண்டினோம். சரி, தப்பித்தோம் என்று பார்த்தால், கொஞ்ச நேரத்தில் இன்ஸ்டாலரே நின்றுவிட்டது. நெட்வொர்க் அடாப்டர் எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது. கார்டு பொருத்தப்படாமல் இருக்கலாம், அல்லது பொருத்தமான டிரைவர் (கார்டை இயக்கத் தேவையான சிறு நிரல்) இல்லாமல் இருக்கலாம் என்கிறது. எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆல்ட்டும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தி, பயனர் பெயர் ரூட் என்று கொடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போய், கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை போட்டால்தான் விஷயம் தெரிகிறது: 10ஈசி, 8168. முதல் எண் தயாரிப்பாளருடையது, இரண்டாவது சிப்பின் டிவைஸ் எண். 10ஈசி என்றால் ரியல்டெக். (இன்டெல் என்றால் 8086. தங்கள் பழைய பிராசசரின் எண்ணையே வைத்துக்கொண்டார்கள்.)

ரியல்டெக் சிப்பில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக் கணினிகள் பலவற்றில் நாம் பார்ப்பது அதைத்தான். விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் கர்னலிலேயே ஆர்8169 என்று அதற்கு டிரைவர் இருக்கிறது. ஆனால் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களுக்காக எழுதப்பட்டது. தன்னிடம் டிரைவர் உள்ள கார்டை மட்டும்தான் அது கண்ணெடுத்துப் பார்க்கும். ரியல்டெக் டிரைவரை 2013இல் 5.5 பதிப்போடு கழற்றிவிட்டார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள், லினக்ஸிலிருந்து வந்த பழைய டிரைவரை ஐஎஸ்ஓ ஃபைலுக்குள் (இன்ஸ்டாலர் அடங்கிய ஃபைல்) செருகி ஓட்டினார்கள். 2020இல் 7.0 வந்தபோது அந்த வழியையும் மூடிவிட்டார்கள். "யூடியூப்ல ஈஸியா பண்றாங்களே சார்" என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் பார்த்த வீடியோ 6.7 பதிப்புக்கானது. நாம் போடுவது 8.0.

இதெல்லாம் ரகசியம் இல்லை. எந்தச் சிப்புக்கு ஆதரவு உண்டு என்ற பட்டியல் பொதுவில்தான் இருக்கிறது. கொட்டேஷன் கேட்கும் முன் யாராவது ஒருவர் அதைத் திறந்து பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. சப்ளையர் அனுப்பிய இன்ஜினியர் வந்துபோன விதம். அவர் நல்ல பையன். வந்தார், கணினியை விண்டோஸில் பூட் செய்தார், கேபிளைச் செருகினார், பிரவுசரைத் திறந்து கல்லூரியின் வலைத்தளத்தையே காட்டினார். போர்ட்டில் பச்சை விளக்கு அழகாக மினுக்கிக்கொண்டிருந்தது. "கார்டு வொர்க் ஆகுது சார்" என்றார். ஆமாம், வொர்க் ஆகிறது. இஎஸ்எக்ஸ்ஐ இன்ஸ்டாலரை ஓட்டி, நிற்கும் இடத்தைக் காட்டினேன். "அது உங்க சாஃப்ட்வேர் பிரச்சினை சார், எங்க ஸ்கோப்ல வராது" என்றார். அதுவும் சரிதான். சர்வீஸ் ரிப்போர்ட்டில் "பழுது ஏதும் இல்லை" என்று எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன், வேறென்ன செய்ய? பழுது உண்மையிலேயே இல்லை. இப்போது அந்தக் கையெழுத்தையே கோப்பில் சேர்த்து, பழுதில்லாத கணினிக்கு எதற்குக் கார்டு என்று கேட்கிறீர்கள்.

ஐயா, பழுது கணினியில் இல்லை. நீங்கள் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கீபோர்டுக்கு 104 கீ என்று இருக்கிறது. மானிட்டர் எத்தனை அங்குலம், மேசைக்கு என்ன நிற லேமினேட், எல்லாம் இருக்கிறது. லேன் என்ற வரிக்கு நேராக "ஜிகாபிட் - ஆம்" என்று மட்டும் இருக்கிறது. எந்தச் சிப் என்று அங்கே ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போட்டாயிற்று. அடியில் லினக்ஸ் கர்னல்தானே, ரியல்டெக்கை உடனே பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் பயிற்சியையே அதில் நடத்தலாம் என்பேன். ஆனால் அறிவிப்பில் இருப்பது இஎஸ்எக்ஸ்ஐ. அதனால் இப்போது ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குள் இஎஸ்எக்ஸ்ஐயை ஓட்டி வகுப்பு நடக்கிறது. இஎஸ்எக்ஸ்ஐக்குத் தெரிந்த வகை மெய்நிகர் கார்டையே கொடுப்பதால் டிரைவர் தகராறு இல்லை. ஆனால் 8.0 பதிப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும். நம் கணினிகளில் மொத்தமே 16. இஎஸ்எக்ஸ்ஐ எழுந்து நின்றதும், அதற்குள் மாணவர் ஒரு சின்ன விஎம் (மெய்நிகர் கணினி) போடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. பேர் மெட்டல் (நேரடியாக வன்பொருளிலேயே ஓட்டுவது) என்று பெயர் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, மெட்டலைத் தொடாமலே பாடம் நடத்துகிறோம்.

யூஎஸ்பி கார்டு, தன்னார்வலர் டிரைவர் என்று வேறு வழிகளும் உண்டு. 2025இல் ரியல்டெக்குக்கென்றே ஒரு டிரைவர் சோதனை முயற்சியாக வெளிவந்தது, நல்ல செய்திதான். ஆனால் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது, ஐஎஸ்ஓவை நாமே பிரித்துக் கட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் பொழுதுபோக்காகச் செய்யலாம். சான்றிதழ் கொடுக்கும் பயிற்சியை அதை நம்பி நடத்த எனக்குத் துணிச்சல் இல்லை. போதாக்குறைக்கு, 2023 இறுதியில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது, 2024இல் இலவச இஎஸ்எக்ஸ்ஐ நிறுத்தப்பட்டது, 2025இல் மறுபடி வந்தது. நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட ஒன்றைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் முன் லேப் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. எங்களுக்கு அழைப்பு வருவது திறப்பு விழாவுக்குத்தான். அதுவும் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க. விழா பேனரில் இருந்த மேகப் படத்துக்கு எந்த டிரைவரும் தேவைப்படவில்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

திரும்பி வந்த கோப்பை மறுபரிசீலனை செய்து, கணினிக்கு ஒரு கார்டு வீதம் அனுமதி தர வேண்டுகிறேன். இன்டெல் ஐ210 அல்லது ஐ350 சிப் உள்ளது போதும். இரண்டுக்கும் இஎஸ்எக்ஸ்ஐயிலேயே டிரைவர் இருக்கிறது. "இன்டெல் கார்டு" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட வேண்டாம். ஒரே பெயரில் வரும் சிப்களிலேயே டிவைஸ் எண் மாறுகிறது, எண் மாறினால் டிரைவர் பிடிப்பதில்லை. மலிவு விலையில் போலி ஐ350 கார்டுகளும் சந்தையில் சுற்றுகின்றன. மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுக்கும் நம் வழக்கம் நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும். மாதிரிக்கு ஒரு கார்டு வாங்கி லேபுக்கு அனுப்புங்கள். இன்ஸ்டாலரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறோம், அப்புறம் மீதியை வாங்கலாம். இனி எந்தக் கணினி வாங்கினாலும் ஸ்பெசிஃபிகேஷனில் நெட்வொர்க் சிப்பின் பெயரும் எண்ணும் ஒரு வரியில் இருக்கட்டும். அந்த ஒரு வரியை எழுதித் தரவும் நாங்கள் தயார்.

இன்னொன்று. நம் கணினிகள் ஒல்லியான கேபினட் கொண்டவை. கார்டு அரை உயரப் பட்டையோடு (கேபினட்டின் பின்புறம் கார்டைப் பிடித்துநிறுத்தும் தகடு) வருகிறதா என்று சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள். முழு உயரப் பட்டை வந்தால் மூடி மூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளவுட் லேப் பொறுப்பாளர்