கூகுள் டாக்ஸில் எழுத்தளவைத் தொடாமலே பெரிதாக்கிப் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டறிக்கை, குடியிருப்போர் சங்கத் தீர்மானம், கோயில் திருவிழா நோட்டீஸ், சிறுபத்திரிகைக் கட்டுரை என்று பலர் கூடி எழுதுகிற வேலைகள் இப்போது இணையத்திலேயே எழுத உதவும் கூகுள் டாக்ஸில்தான் நடக்கின்றன. அதில் அன்றாடம் நேரும் ஒரு சேதத்தைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். திரையில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பதற்காக, ஆவணம் முழுவதையும் தேர்வு செய்து எழுத்தளவை 11-லிருந்து 16-க்கு ஏற்றிவிடுகிறார்கள். படித்து முடித்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எழுத்து அகலத்திலும் உயரத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்போது, அது பிடிக்கும் இடம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். நான்கு பக்க அறிக்கை எட்டு, ஒன்பது பக்கமாக நீளும். அட்டவணைகள் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போகும். இதைவிடப் பெரிய கேடு தலைப்புகளுக்கு வருகிறது. தலைப்பு 18, துணைத் தலைப்பு 14 என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தாலும் எல்லாம் ஒரே 16 ஆகிவிடும். திரும்பவும் மொத்தத்தையும் 11 ஆக்கினால் தலைப்பும் 11 ஆகுமே தவிர, பழைய நிலை வராது. உடனே கவனித்தால் கண்ட்ரோல் + இசட் போதும். மறுநாள் கவனித்தால் ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'க்குப் போய்ப் பழைய பிரதியை மீட்க வேண்டும். அப்படி மீட்கும்போது, இடைப்பட்ட நேரத்தில் மற்றவர்கள் செய்த திருத்தங்களும் சேர்ந்து போய்விடும். அவற்றை முதலில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பெரிதாக்கிப் பார்ப்பதற்கென்றே மெனுவுக்குக் கீழே உள்ள பொத்தான் வரிசையான டூல்பாரில் ஒரு பெட்டி இருக்கிறது. இடது ஓரத்தில் பிரிண்டர் படம், எழுத்துப்பிழை திருத்தி, பெயின்ட் உருளை ஆகியவற்றை அடுத்து '100%' என்று நிற்பதுதான் அது. அழுத்தினால் 'ஃபிட்', 50, 75, 90, 100, 125, 150, 200 என்று பட்டியல் விரியும். பட்டியலில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. அந்த எண் மேலேயே சொடுக்கி 135 என்று அடித்து என்டர் தட்டினால் 135% ஆகிவிடும். குறைந்தது 50, கூடியது 200. இது உங்கள் திரைக்கு மட்டும். அதே ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கும் மற்றவருக்கு எதுவும் மாறாது, அச்சிலும் ஒரு இம்மி மாறாது. பெட்டியையே காணவில்லை என்றால், பிரௌசர் (இணையம் பார்க்கும் செயலி) ஜன்னல் குறுகலாக இருந்து டூல்பார் சுருங்கியிருக்கும். டூல்பாரின் வலது கோடியில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்திப் பாருங்கள்.

எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பிரௌசர் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் (திரையின் சின்னப் புள்ளி) என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 பக்கம் 100%-இல் 794 பிக்சல் பிடிக்கும். 1366 பிக்சல் அகலமுள்ள லேப்டாப்பில் 150% வைத்தால் பக்கம் 1191 பிக்சல், ஓரங்களில் கொஞ்சம் இடம் மிஞ்சும். 200% வைத்தால் 1588 பிக்சல். திரையே அவ்வளவு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருக்க மனமில்லாதவர்களுக்காகவே 'ஃபிட்' இருக்கிறது. ஜன்னலின் அகலத்துக்குப் பக்கத்தை அதுவே நீட்டிக்கொள்ளும். இடப்பக்கம் தலைப்புப் பட்டியல் திறந்திருந்தால் அதை மூடிவிடுங்கள், இடம் கூடும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தினால் மேலே உள்ள மெனு வரிசை மறையும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். உயரம் குறைந்த 768 பிக்சல் திரையில் இது பெரிய உதவி.

100% என்பது தாளின் நிஜ அளவு என்று பலர் நம்பி நோட்டீஸ் வடிவமைக்கிறார்கள். 14 அங்குல, 1366-க்கு 768 திரையில் ஓர் அங்குலத்துக்கு 112 பிக்சல் இருக்கும். பிரௌசரின் கணக்கோ 96. அதனால் 21 செ.மீ. பக்கம் அங்கே 18 செ.மீ. அளவுக்குத்தான் தெரியும். அச்சில் வந்ததும் எழுத்து எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஓர் ஏ4 தாளைத் திரைமேல் பிடித்து, இரண்டு ஓரமும் பொருந்தும்வரை எண்ணை மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன திரைக்கு 117 அளவில் பொருந்தும். உங்கள் திரைக்கான எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால் நோட்டீஸ், சான்றிதழ், அழைப்பிதழ் எல்லாவற்றுக்கும் அதுவே உதவும்.

கணினிக் குறிப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் 'கண்ட்ரோலும் கூட்டல் குறியும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது டாக்ஸின் ஜூம் அல்ல, பிரௌசரின் ஜூம். பக்கத்தோடு மெனு, டூல்பார், உரையாடல் பெட்டி எல்லாமே சேர்ந்து பெரிதாகும். மெனு எழுத்தே தெரியாதவருக்கு அதுதான் சரியான வழி. பக்கத்து எழுத்து மட்டும் சின்னதாகத் தெரிகிறவருக்கு அது தவறான வழி, ஏனென்றால் பெருத்த டூல்பார் எழுதும் இடத்தைத் தின்றுவிடும். க்ரோம் பிரௌசரில் இது 25 முதல் 500% வரை போகும். கூட்டல் குறிக்கு ஷிஃப்ட் தேவையில்லை, சமக்குறி உள்ள விசையே போதும். பழைய நிலைக்குக் கண்ட்ரோல் + பூஜ்யம்.

க்ரோம் இந்த அளவை இணையதளம் வாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். டாக்ஸ், ஷீட்ஸ் (கணக்கு அட்டவணை), ஸ்லைட்ஸ் (படக்காட்சி) மூன்றும் ஒரே முகவரியின் கீழ் வருவதால், கட்டுரைக்காக 150% வைத்தால் வரவு செலவு ஷீட்டும் 150% ஆகிவிடும். 'திடீரென்று எல்லாம் பெரிதாகிவிட்டது' அல்லது 'எறும்பு மாதிரி ஆகிவிட்டது' என்று வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம், நகலெடுக்க அழுத்திய கண்ட்ரோலிலிருந்து விரலை எடுக்காமலே மவுஸ் சக்கரத்தை உருட்டுவது. முகவரிப் பட்டையின் வலப்பக்கம் பூதக்கண்ணாடிப் படம் தெரிந்தால் பிரௌசர் அளவு மாறியிருக்கிறது என்று பொருள். அதைச் சொடுக்கி 'ரீசெட்' கொடுங்கள்.

இரண்டு ஜூமும் ஒன்றோடொன்று பெருகும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரௌசர் 125, டாக்ஸ் 150 என்றால் கண்ணுக்குத் தெரிவது 187.5%. அதற்கும் அடியில் விண்டோஸின் 'ஸ்கேல்' இருக்கிறது (செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே). 1920 பிக்சல் அகலத் திரையில் ஸ்கேல் 150% என்றால் பிரௌசருக்குக் கிடைப்பது 1280 மட்டும். எதைத் தொட்டாலும் சரியாக வரவில்லை என்றால், பிரௌசரை முதலில் 100-க்குக் கொண்டுவந்துவிட்டு டாக்ஸ் பெட்டியை மாற்றுங்கள்.

க்ரோம் அமைப்பில் உள்ள 'ஃபான்ட் சைஸ்' டாக்ஸ் பக்கத்தில் வேலை செய்யாது. 2021-இல் கூகுள் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு டாக்ஸ் எழுத்துகளைச் சாதாரண இணையப்பக்க எழுத்தாக வைக்காமல், ஓவியம் போலத் தானே திரையில் வரைகிறது. எழுத்தை மட்டும் பெரிதாக்கும் ஃபயர்பாக்ஸ் வசதியும் அதே காரணத்தால் அங்கே பலிக்காது.

பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு 200% வரம்பு போதாது. இதை நான் டாக்ஸின் உண்மையான குறையாகவே பார்க்கிறேன். அவர்கள் விண்டோஸ் விசையும் கூட்டல் குறியும் சேர்த்து அழுத்தி 'மேக்னிஃபையர்' திறந்துகொள்ளலாம். மூட, விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும். கூடவே டாக்ஸின் டூல்ஸ் மெனுவில் 'அக்சசிபிலிட்டி' போய், ஸ்கிரீன் மேக்னிஃபையர் ஆதரவை இயக்க வேண்டும். தட்டச்சு செய்யும் இடத்தை மேக்னிஃபையர் பின்தொடர்வதற்காகவே வைத்திருக்கும் வசதி அது.

தமிழில் பிழை திருத்துகிறவர்கள் இந்த ஜூமை இன்னும் அக்கறையோடு பயன்படுத்த வேண்டும். இயல்பாக டாக்ஸ் தரும் 11 புள்ளி அளவு ஆங்கிலத்துக்குச் சரி. தமிழுக்கு அது சிறிது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்னச் சுழி மட்டுமே. நிதி அறிக்கையில் 'கோடி' என்பது 'கொடி' ஆகியிருந்தால் 100%-இல் கண் தாண்டிப் போய்விடும். 'விடு', 'வீடு' வேறுபாடும் மேல் சுழியில்தான். மெய்யெழுத்தின் புள்ளி விழுந்து 'செய்தி' 'செயதி' ஆவதும் அப்படியே. எழுதும்போது 125, மெய்ப்பு பார்க்கும்போது 150, அல்லது திரை தாங்கினால் 200 என்பது என் பரிந்துரை. கடைசியில் ஒருமுறை 50-க்கு இறக்கி ஓட்டினால் வெற்றுப் பக்கமும், பக்க அடியில் தனியாகத் தொங்கும் தலைப்பும் அகப்படும். ஆனால் 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருந்தால், பல எழுத்துருக்களில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது. அதைக் கண்ட்ரோல் + எஃப் கொண்டு தேடித்தான் பிடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம் டாக்ஸில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவதற்கும் ஜூமுக்கும் சம்பந்தமில்லை. நம் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருவை டாக்ஸ் எடுத்துக்கொள்ளாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் போன்ற ஏதாவதொன்றில் வையுங்கள்.

கைபேசியில் நிலைமை வேறு. 21 செ.மீ. தாளை 7 செ.மீ. அகலத் திரையில் முழுதாகக் காட்டினால் 12 புள்ளி எழுத்து 4 புள்ளி போலத்தான் தெரியும். டாக்ஸ் செயலியின் மூன்று புள்ளி மெனுவில் 'பிரிண்ட் லேஅவுட்' இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், வரிகள் திரையின் அகலத்துக்கு மடிந்து வரும். கணினியில் இதற்கு நிகரானது 2022-இல் வந்த 'பேஜ்லெஸ்' முறை (ஃபைல், பேஜ் செட்டப்). எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி ஜன்னலுக்குள்ளேயே மடியும். ஆனால் அது ஆவணத்தையே மாற்றும் ஏற்பாடு. பக்க எண், தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு எல்லாருக்கும் மறைந்துவிடும். பிறர் ஆவணமென்றால் 'மேக் எ காப்பி' கொடுத்து நகலில் செய்யுங்கள்.

அச்சு சிறுத்தோ பெருத்தோ வந்தால் ஜூமைக் குறை சொல்ல வேண்டாம். அச்சு ஜன்னலில் 'மோர் செட்டிங்ஸ்' கீழே உள்ள 'ஸ்கேல்' மாறியிருக்கும், அல்லது தாள் அளவு 'லெட்டர்' என்று இருக்கும். பேஜ் செட்டப்பில் ஏ4 தேர்ந்து 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுத்துவிட்டால் அடுத்து புதிதாக உருவாக்கும் ஆவணங்களும் ஏ4-ஆகவே வரும்.

ஆவணத்தை அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படித்துக் கருத்துச் சொல்ல மட்டுமே ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ஷேர் பெட்டியில் 'எடிட்டர்' என்று விடாமல் 'கமென்டர்' என்று மாற்றி அனுப்புங்கள். எழுத்தளவை மாற்றும் உரிமை அவரிடம் இருக்காது. பிரௌசர் ஜூம் அவருக்கு எப்போதும் போல வேலை செய்யும். ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் கணினிப் பயிற்சி நடத்துகிறவர்கள், எழுத்தளவுப் பெட்டியைக் காட்டுவதற்கு முன்பாக இந்தச் சதவீதப் பெட்டியைக் காட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியாளர்,
திருச்சி.