டெக்கன் குழுவினருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

பண்டாய் நாம்கோ நிறுவனத்தில் டெக்கன் என்ற சண்டை வீடியோ விளையாட்டை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து விளையாடும் யாழ்ப்பாணத்துக் கடைகளில் டெக்கன் பழகியவர்களில் ஒருவன் நான். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் எங்கள் கைக்கு வந்தது டெக்கன் 3, அதுவும் கொப்பி சீடியாக. அதில் உங்களுக்கு ஒரு சதமும் வந்திராது. இத்தனை காலம் கழித்துக் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தோற்றவன் எழும்ப வேண்டும், வென்றவன் இருக்கலாம். கடையில் இருந்த ஒரே சட்டம் அது.

2024 ஜனவரியில் வெளியான டெக்கன் 8ஐ விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அந்த ஆண்டின் சிறந்த சண்டை விளையாட்டு என்ற விருதும் கிடைத்தது. தொடக்கத்திலேயே 32 பாத்திரங்கள், கண்ணைப் பறிக்கும் காட்சிகள், டெக்கன் பந்து என்ற பழைய பந்தாட்ட முறை வேறு திரும்பி வந்தது. எதையும் மறுக்கவில்லை. என் முறைப்பாடு தற்காப்பைப் பற்றியது.

ஹீட் என்று, தாக்குபவனைச் சிறிது நேரம் பலப்படுத்தும் ஒரு நிலையைச் சேர்த்தீர்கள். எதிராளி அந்த நிலையில் இருக்கும்போது அடியைச் சரியாகத் தடுத்தாலும் உயிர் குறைகிறது. அதில் மீட்கக்கூடிய பங்கையும் பதிலுக்குத் தாக்கித்தான் மீட்க வேண்டும். பின்வாங்கி, பக்கவாட்டில் ஒதுங்கி, எதிராளியின் அடி காற்றில் போகும் கணத்துக்குக் காத்திருந்து திருப்பிக் கொடுப்பதுதான் டெக்கன் என்று பழகியவர்கள் நாங்கள். அந்தப் பொறுமைக்கு இப்போது தண்டப்பணம் அறவிடுகிறீர்கள்.

டெக்கன் 8இன் இரண்டாம் பருவத்தில், அதாவது அடுத்த பெரிய மாற்றத் தொகுதியில், தற்காப்பு வலுப்பெறும் என்றீர்கள். 2025 ஏப்ரலில் வந்த மாற்றமோ தாக்குபவர்களுக்கே மேலும் ஆயுதங்களை வாரி வழங்கியது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கண்டனங்கள் குவிந்தன. தொழில்முறை வீரர்களே வெளிப்படையாகக் கொதித்தார்கள். பிறகு அவசரத் திருத்தம் வந்தது, அதற்கு நன்றி. ஆனால் அப்படியொரு மாற்றம் உங்கள் வாசலை எப்படித் தாண்டியது?

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. டெக்கன் 7 2015இல் ஜப்பானிய ஆர்கேட்களுக்கு, அதாவது பொது விளையாட்டுக்கூடங்களுக்கு, வந்தது. வீடுகளுக்கு வந்தது 2017இல்தான். இடையில், நாணயம் போட்டு விளையாடியவர்கள் அதை அடித்துத் துவைத்துப் பார்த்துவிட்டார்கள். பிரதான வரிசையில் ஆர்கேட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்த முதல் பாகம் 8. வெளியீட்டுக்கு முன் இணையச் சோதனைகள் நடத்தினீர்கள், உண்மை. ஆனால் இணையத்தில் தோற்றவன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறான். கடையில் தோற்றவன் வென்றவனின் கதிரைக்குப் பின்னால் நின்று நியாயம் கேட்பான். எது திறமை, எது அநியாயம் என்பது அந்த வாக்குவாதத்தில்தான் தெளிவாகும். கண்ட பொத்தானையெல்லாம் அமத்தியே வென்றவர்களால் எடி கோர்டோ என்ற பாத்திரத்தை எடுக்கவே கூடாது என்று எங்கள் கடையில் தீர்ப்பானது அப்படித்தான். (அதே எடியை 8இல் முதல் மேலதிகப் பாத்திரமாகத் தனிக் காசுக்கு விற்றீர்கள். அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.)

யாழ்ப்பாணத்தான் ஒருவனின் பழம்பெருமை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 2019இல் சண்டை விளையாட்டுகளின் பெரும் போட்டிகளான ஈவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸ் ஈவோவையும் வென்ற அர்ஸ்லான் ஆஷ் லாகூர்க்காரர். அருகருகே இருந்து மோதிப் பழகிய ஒரு கூட்டத்திலிருந்து எழுந்தவர். அதற்கு முன் அந்தக் கூட்டத்தின் தரம் வெளியுலகில் அநேகருக்குத் தெரியாது. அவரிடம் தோற்ற கொரியாவின் முன்னணி வீரரே பின்னர் பாகிஸ்தானுக்குப் போய் அங்குள்ளவர்களோடு விளையாடினார். உங்கள் விளையாட்டை ஆழமாக அறிந்தவர்கள் உங்கள் கணக்கெடுப்பில் அகப்படாத ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த பருவத்தின் மாற்றங்களை வெளியிடுமுன் லாகூரிலும் மணிலாவிலும் சியோலிலும் ஒரே திரையின் முன் இருந்து விளையாடுபவர்களிடம் சில வாரங்கள் கொடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஒதுங்குவதற்குப் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடுங்கள். சரியாகத் தடுத்தவனின் உயிரைக் குறைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக்கும் ஒரு சோதனைப் பிரதி அனுப்பினால் வேண்டாமென்று சொல்ல மாட்டோம். இந்த முறை கொப்பி எடுக்கவும் மாட்டோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய விளையாட்டுக்காரன்