தெளிந்த காற்றும் இழந்த கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கில் காற்று தெளிந்ததைக் காட்டி, தொழிலை முடக்கினால் மாசு தீரும் என்று இன்றும் சிலர் பேசுவது வேதனை அளிக்கிறது. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு சில மணி நேரமே காற்றில் தங்கும் என்பதால், சாலைகள் வெறிச்சோடியதும் அது பெருநகரங்களில் வெகுவாகக் குறைந்தது. ஆனால், நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரியமில வாயுவின் செறிவு அந்த ஆண்டும் உயரவே செய்தது.

அந்த ஆண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட ஏறத்தாழக் கால் பங்கு சுருங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடப்பட்டதால், சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருந்த டெய்லர்களும் செக்கிங் வேலைப் பெண்களும் வீட்டு வாடகைக்கே வழியின்றித் தவித்தனர். ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் வெறுங்கையுடன் ஊர் திரும்பினர். சில வாரத் தெளிவுக்கு அவர்கள் கொடுத்த விலை மிக அதிகம்.

நொய்யல் ஆற்றின் மாசுக்காக 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட திருப்பூர் சாயப்பட்டறைகள், கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யும் முறைக்கு மாறித்தான் மீண்டும் இயங்கின. (அந்தச் செலவில் பல சிறு பட்டறைகள் நொடித்துப்போனதையும் மறக்கக் கூடாது.) காற்றுக்கும் அத்தகைய கண்டிப்பு வேண்டும்; ஆனால் விறகுக் கொதிகலன்களுக்குப் புகைவடிகட்டி பொருத்தச் சிறு பட்டறைகளுக்குக் குறைந்த வட்டிக் கடனை அரசு முதலில் வழங்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு நகரப் பேருந்துகளையும் படிப்படியாக மின்பேருந்துகளாக மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்.