மூச்சிரைத்தால் எக்கோ அவசியம்

கல்லீரல் சுருக்க நோய் பற்றிய தங்கள் கட்டுரை கண்டேன். இந்நோயாளிகளில் சிலருக்கு நுரையீரல் தமனியிலும் (இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) இரத்த அழுத்தம் உயரும் என்பதைச் சேர்த்திருக்கலாம். மூச்சிரைப்பு, கால்வீக்கம் என எது வந்தாலும் கல்லீரல் மீதே பழி விழுகிறது. காபித் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணன், மேட்டில் பத்தடி ஏறினாலே சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயிற்றில் சேர்ந்த நீரால்தான் என்று ஓராண்டு நம்பியிருந்தோம். கல்லீரல் மாற்றுக்காகச் சென்னை சென்றபோது எடுத்த எக்கோவில்தான் (இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் பரிசோதனை) நுரையீரல் தமனி அழுத்தமோ என்ற சந்தேகமே எழுந்தது. அந்தத் தமனியின் சராசரி அழுத்தம் 35 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அந்த அறுவை சிகிச்சையே ஆபத்தாகிவிடும். முன்பே தெரிந்தால் மருந்தால் குறைக்க வழியுண்டு.

சேலம் அரசு மருத்துவமனையிலேயே, மாற்று அறுவைக்குப் பரிந்துரைக்கப்படுவோருக்கும் மூச்சிரைப்புள்ள கல்லீரல் நோயாளிகளுக்கும் எக்கோ பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

- வாசகர், ஏற்காடு